கொல்லிமலைக்கு எந்தக் கியர்?

கேள்வி: திருவாரூரிலிருந்து மன்னார்குடி, நாகப்பட்டினம், தஞ்சாவூர் என்று விடுமுறை நாட்களில் ரோடு பைக் ஓட்டுகிறேன். ஷிமானோ கிளாரிஸ், 8 வேகம். முன்னால் 50, 34 பல். பின்னால் 11 முதல் 28 வரை. தை மாதம் நண்பர்களோடு கொல்லிமலை ஏறுவதாகத் திட்டம். பின்னால் 34 பல் வரை உள்ள எம்.டி.பி. (மலை சைக்கிள்) கேசட் மாட்டலாமா என்று கேட்டால், கடைக்காரர் "அதெல்லாம் ஒத்துக்காது, மொத்த செட்டையும் மாத்தணும்" என்கிறார். அவர் சொல்வது சரியா? கலந்து மாட்டினால் வண்டி கெட்டுவிடுமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: மொத்த செட்டையும் மாற்ற வேண்டியதில்லை. கேசட், செயின், தேவைப்பட்டால் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டீரெய்லர். இந்த மூன்றோடு வேலை முடிந்துவிடும். கடைக்காரர் சொன்னதிலும் ஓரளவு உண்மை உண்டு. 10, 11 வேக வண்டியாக இருந்தால் அவர் பேச்சைத்தான் கேட்கச் சொல்வேன். உங்களுடையது 8 வேகம் என்பதால் தப்பித்தீர்கள்.

முதலில், 34 பல் உண்மையிலேயே தேவையா என்று கணக்குப் போடுவோம். இப்போது உங்களிடம் இருக்கும் மிக லேசான கியர் முன்னால் 34, பின்னால் 28. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 1.21 சுற்று சுற்றும். வண்டி சுமார் இரண்டரை மீட்டர் நகரும். பின்னால் 34 போட்டால் ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று, 2.1 மீட்டர்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, ஏற்றம் 7 சதவீதம், நிமிடத்துக்கு 70 முறை மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 பல்லில் மணிக்கு 10.7 கி.மீ. வேகம், அதற்குச் சுமார் 190 வாட் சக்தி வேண்டும். 34 பல்லில் 8.8 கி.மீ.; 155 வாட் போதும். அந்த 155 வாட்டை வைத்துக்கொண்டு 28 பல்லில் ஏறினால் மிதி 58 சுற்றுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு மிதியும் கனக்கும், முழங்கால் வாங்கிக் கட்டிக்கொள்ளும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகிய கால்களுக்கு 34 ஆடம்பரம் இல்லை.

இனி பொருத்தம். பாகங்களைக் கலக்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, டீரெய்லர் தாங்கும் பெரிய பல். டீரெய்லரின் பின்பக்கம் மாடல் எண் பொறித்திருக்கும். எண்ணின் கடைசியில் ஜி.எஸ். என்றிருந்தால் நீளக் கூண்டு, எஸ்.எஸ். என்றால் குட்டைக் கூண்டு. அந்த எண்ணுக்குரிய ஷிமானோ விவரத்தாளில் அதிகபட்சப் பல் எவ்வளவு என்று இருக்கும். 34 என்றிருந்தால் டீரெய்லரை மாற்றவே வேண்டாம்.

இரண்டு, செயின் தொய்வை இழுத்துக்கொள்ளும் கொள்ளளவு. முன்னால் பெரியது கழித்தல் சிறியது, பின்னால் பெரியது கழித்தல் சிறியது. இரண்டையும் கூட்ட வேண்டும். உங்களுக்கு 50–34 = 16, 34–11 = 23; ஆக 39. டீரெய்லரின் கொள்ளளவு இதைவிடக் குறைவாக இருந்தால் சிறிய பல்லில் செயின் தொங்கும்.

மூன்று, கேபிள் இழுப்பு. கடைக்காரர் பயப்படுவது இதற்குத்தான். உங்கள் 8 வேக ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு 2.8 மி.மீ. கேபிளை இழுக்கிறது. ஷிமானோவின் பழைய வகை டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி நகரும். வருவது ஏறத்தாழ 4.8 மி.மீ. 8 வேகக் கேசட்டில் பல்லுக்குப் பல் உள்ள தூரமும் அதுவே. 9 வேகம் வரையிலான ஷிமானோவின் பழைய வகை எம்.டி.பி. டீரெய்லர்களும் இதே 1.7 கணக்கில்தான் இயங்குகின்றன. எனவே ஆல்டஸ், ஏசெரா வகை டீரெய்லரை ரோடு ஷிஃப்டரோடு இணைத்தால் கியர் ஒழுங்காக விழும். ஏசெரா எம்360 டீரெய்லர் 34 பல் வரை எடுக்கும், கொள்ளளவு 43. உங்கள் கணக்குக்குத் தாராளம். ஆனால் 10 வேக எம்.டி.பி. டீரெய்லரை மாட்டினீர்களானால் மடங்கு 1.2 தான், 3.4 மி.மீ. நகர்ந்து செயின் இரண்டு பல்லுக்கு நடுவில் நின்று கரகரக்கும். ஸ்ராம் டீரெய்லரின் கணக்கு வேறு; அதையும் தொட வேண்டாம். முன் டீரெய்லரிலும் கை வைக்காதீர்கள், எம்.டி.பி. முன் டீரெய்லர் ரோடு ஷிஃப்டரோடு சேராது.

ரோடு ஷிஃப்டர், எம்.டி.பி. டீரெய்லர் என்ற சேர்க்கை நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் இருக்காது. "கம்பெனி சொல்லலையே" என்று யாராவது கேட்டால் அதுவும் உண்மைதான். ஆனால் சுமையோடு நெடுந்தூரம் போகிறவர்கள் பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓட்டுகிறார்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

மாட்டும்போது சில கவனங்கள். செயினை டீரெய்லருக்குள் விடாமல், முன்னால் 50, பின்னால் 34 இரண்டின் மீதும் சுற்றிப் பாருங்கள். முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூட விட்டு வெட்டுங்கள். பழைய செயின் பெரும்பாலும் நீளம் பற்றாது. டீரெய்லரில் எல் என்று குறித்த திருகைப் புதிய பெரிய பல்லுக்கு ஏற்பச் சரிசெய்யாமல் சாலைக்கு வராதீர்கள். அது தளர்ந்திருந்தால் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது டீரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய்விடும். டீரெய்லரோடு சக்கரமும் போகும். பி என்று குறித்த திருகைக் கொண்டு டீரெய்லரின் மேல் சிறுசக்கரத்துக்கும் பெரிய பல்லுக்கும் நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி வையுங்கள்.

சரி, 34 பல் கேசட்டை மாட்டிவிட்டு அதையே ஆண்டு முழுதும் ஓட்டலாமா? வேண்டாம் என்பேன். காரணம் நம் ஊர்க் காற்று.

டெல்டாவில் மலை இல்லை. அந்த வேலையைக் காற்று பார்த்துக்கொள்கிறது. ஆனி, ஆடியில் திருவாரூரிலிருந்து தஞ்சைக்கு மேற்கே மிதித்தவர்களுக்கு அது தெரியும். எதிர்க்காற்றில் வேண்டியது மிக லேசான கியர் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக மாறும் கியர். 11–28 கேசட்டின் நடுப்பகுதி 17, 19, 21. முன்னால் 50 பல்லில் நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் இவை மணிக்கு 29.6, 26.5, 24 கி.மீ. தரும். 11–34 கேசட்டில் அதே இடம் 17, 20, 23, வேகம் 29.6, 25.2, 21.9. காற்று சற்றே கூடும்போது ஒரு கியர் இறக்கினால் கால் சும்மா சுழலும், ஏற்றினால் திணறும். நாம் அதிகம் ஓட்டும் வேகத்தில்தான் இந்த இடைவெளி விழுகிறது. 26-லிருந்து 34-க்கு ஒரே தாவல், 31 சதவீதம். மலையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், நாகை சாலையில் அது எதற்கு?

ஆகவே என் யோசனை: இரண்டு கேசட் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு 11–28, மலைக்கு 11–34. கேசட்டைக் கழற்ற செயின் விப்பும் லாக்ரிங் கருவியும் இருந்தால் வீட்டிலேயே முடிகிற வேலை. செயினை 34-க்கு அளந்து வெட்டியிருந்தால் 28-க்கும் அதே செயின் போதும். மிச்சத் தொய்வை நீளக் கூண்டு இழுத்துக்கொள்ளும்.

இது புதிய யோசனையும் இல்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை டீரெய்லருக்கு அனுமதி கிடையாது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு பல் வைத்து, மலை அடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி ஏறினார்கள். நீங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அதைச் செய்துகொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: தேய்ந்த செயினைப் புதிய கேசட்டில் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். மலைக்குப் போகும் முன் அளந்து பாருங்கள். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குமேல் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் ஊரில் ஓடும் கேசட்டும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் நண்பர்களில் 21 கியர் எம்.டி.பி., ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் எதையும் வாங்க வேண்டாம். அவ்வகை வண்டி பலவற்றில் முன்னால் சிறியது 24 பல், பின்னால் பெரியது 28. இது 0.86, செலவு செய்து நீங்கள் பெறப்போகும் கியரைவிட லேசு. அதற்கும் மேல் வேண்டுமென்றால் 14–34 ஃப்ரீவீல் கிடைக்கிறது. ஆனால் அது ஹப்பில் மரை சுற்றி ஏறும் வகை. உங்கள் கேசட் அவர்கள் ஹப்பில் ஏறாது, அந்த ஃப்ரீவீல் உங்கள் ஹப்பில் ஏறாது. விலை குறைவு என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

மாட்டிய பிறகு நேரே கொல்லிமலைக்குப் போகாமல், ஊருக்கு அருகில் ஒரு மேம்பாலத்தில் பாரம் கொடுத்து எல்லாக் கியரையும் மாற்றிப் பாருங்கள். முன்னால் 50-ம் பின்னால் 34-ம் சேர்த்து ஓட்டும் பழக்கம் வேண்டாம். வாங்கும் வரிசை இதுதான்: முதலில் டீரெய்லர் எண்ணைப் படியுங்கள், அடுத்து கேசட், பிறகு செயின். டீரெய்லரை மாற்றுவது கடைசி. அந்தத் தேவை உங்களுக்கு வராமலே போகலாம்.