துருவும் துப்பாக்கிக் குழலும்

கடைசல் எந்திரத்தினின்றும் இப்பொழுதே இறக்கிய ரைபிள் குழலொன்று நம் எதிரில் இருப்பதாகக் கொள்வோம். வெள்ளிபோல் மின்னும் அவ்வெஃகை வெறுங்கையாற் பற்றி, மழைக்கால இரவொன்றில் மேசைமீது வைத்துவிட்டுப் போவோமாயின், மறுநாட் காலையில் நம் விரற்பதிவுகளே செந்நிறத்தில் அதன்மேல் எழுதப்பட்டிருக்கக் காண்போம். வியர்வையிலுள்ள உப்பும் காற்றிலுள்ள ஈரமும் செய்த வேலை அது. இக்குழலுக்கு எவ்வகை மேற்பூச்சைத் தேர்வது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

இரும்பின் துரு, இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடத்தை அடைத்துக்கொண்டு உப்பும் இயல்பினது. அதனால் பொருக்காக வெடித்து உதிர்கின்றது. உதிர்ந்தவிடத்தில் புதிய இரும்பு வெளிப்பட, அதுவும் துருவாகிறது. எனினும், இரும்பும் பிராணவாயுவும் வேறொரு விகிதத்திற் கூடினால் காந்தக்கல்லின் பொருளாகிய கரிய ஆக்ஸைடு உண்டாகும். இஃது உதிராது, எஃகை இறுகப் பற்றிக்கொள்ளும். செந்துருவைக் கருந்துருவாக மாற்றும் வழியைக் கண்டவர் பகைவனையே காவலனாக்கினர் எனலாம்.

முற்காலத்தில் ஆங்கிலச் சிப்பாய்கள் தம் துப்பாக்கிகளைச் செங்கற்பொடியும் எண்ணெயுமிட்டுத் தேய்த்துப் பளபளப்பாகவே வைத்திருந்தனர். இதனால் குழல் தேய்ந்து மெலிந்ததன்றி, வெயிலில் மின்னி ஆளையும் காட்டிக்கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் குழலுக்குப் பழுப்பேற்றும் வழக்கம் அப்படையிற் பரவிற்று.

பழுப்பேற்றுதலோடு கொதிநீரையும் சேர்த்தது நீலமேற்றும் பழைய முறை. அதனைச் சற்று விரிவாகக் கூறுவோம். முதலிற் குழலை உப்புத்தாளால் ஒரே சீராகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு அணுவளவும் இன்றிக் கழுவி, இரு முனைகளையும் மரத்தக்கையால் அடைத்தல் வேண்டும். அதன்பின் வெறுங்கை படலாகாது. பெரிக் குளோரைடு முதலிய உப்புகளும் சிறிது நைட்ரிக் அமிலமும் கலந்த நீரைப் பஞ்சினால் மெல்லெனத் தடவி, ஈரமான அலமாரியிற் சில மணி நேரம் நிறுத்தினால், மெல்லிய செந்துரு சீராகப் படரும். பின்னர்த் தூயநீரிற் கால்மணி நேரம் கொதிக்கவிட, செந்துரு கண்முன்னே கருநிறமாகும். தளர்ந்து நிற்கும் கரித்தூளை மென்கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு, மீண்டும் மருந்து, மீண்டும் ஈரம், மீண்டும் கொதி. ஆறு ஏழு முறையேனும் இவ்வாறு செய்தாலன்றி நிறம் ஆழமாக ஏறாது. இடையில் ஒருநாள் அவசரப்பட்டவர் திட்டுத்திட்டான குழலைப் பெற்று, உப்புத்தாளிலிருந்து மறுபடியும் தொடங்குவார்.

இப்பொறுமை வாய்க்காத தொழிற்சாலைகள் வேறொரு வழியைக் கைக்கொண்டன. எரிசோடாவும் நைட்ரேட் உப்பும் செறிந்த கரைசலை ஏறக்குறைய 140 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்திற் காய்ச்சி, அதிற் குழலை அமிழ்த்தினால் அரைமணிக்குள் கருநீலம் ஏறிவிடும். அழகிற் குறைவில்லை. ஆனால் நீரின் கொதிநிலையை மிக விஞ்சிய அத்தொட்டியில் ஒரு செம்பு நீரைச் சட்டென ஊற்றினால், நீர் நொடியில் ஆவியாகி எரிசோடாவை முகத்தில் வீசியெறியும். கண் போனால் மீளாது. ஈயப்பற்றாசினால் இணைத்த இரட்டைக்குழல் துப்பாக்கியை அதில் இட்டால், எரிசோடா பற்றாசையே அரித்து இணைப்பை நெகிழ்த்துவிடும். மாணவர் பட்டறைக்கு இம்முறை தகாது என்பதே நம் துணிபு.

மூன்றாவது வழி பாஸ்பேட் பூச்சு. பர்மிங்காமைச் சேர்ந்த காஸ்லெட் என்பவர் 1906-ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். பின்னர் டெட்ராய்ட் நகரில் 1915-ல் தோன்றிய பார்க்கர் கம்பெனியின் பெயரால் 'பார்க்கரைசிங்' என வழங்கலாயிற்று. மாங்கனீஸ் உப்புச் சேர்ந்த வெந்நீர்த்த பாஸ்பரிக் அமிலத்திற் குழலை இடுகின்றனர். அமிலம் எஃகைச் சிறிது கரைக்க, குமிழிகள் எழுகின்றன. கரைக்கும் அவ்விடத்திலேயே அமிலத்தின் வீறு குன்றுதலால், கரையாத பாஸ்பேட் நுண்பளிங்குகளாக எஃகின்மேற் படிந்து மூடுகின்றது. மூடி முடிந்ததும் குமிழிகளும் அடங்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரது 'எம் 1' ரைபிள்கள் இக்கோலம் பூண்டே சென்றன. இங்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. குதுப்மினார் அருகே நிற்கும் சுமார் 1,600 ஆண்டுப் பழமையான இரும்புத்தூணை ஆராய்ந்த கான்பூர்ப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம், அதன்மேலும் இரும்புப் பாஸ்பேட் படலமொன்று உளதெனக் காட்டினார். இரும்பிலேயே பாஸ்பரம் மிகுந்திருந்ததால், கொல்லர் பூசாமலே அது விளைந்தது.

நீலப்படலத்தைத் தனியே நம்புவது பிழை. அதன் கனம் ஒன்றிரண்டு மைக்ரான் அளவே, நுண்டுளைகளும் உண்டு. துளைகளில் எண்ணெய் தங்குவதால்தான் அது காக்கின்றது. பாஸ்பேட் படலம் அதனினும் தடித்தது, எண்ணெயை மிகுதியாக உறிஞ்சுவது. ஆகவே மழையிலும் சேற்றிலும் உழல்வதற்கு அதுவே ஏற்றது. மின்னாது என்பது மற்றொரு நன்மை. நாள்தோறும் துடைத்துப் பேணுவாரிடத்துக் கொதிநீரால் நீலமேற்றிய குழலுக்கு அழகில் இணையில்லை. பட்டறையிலும் அபாயம் குறைவு. கடற்காற்றில் வைத்து எண்ணெயிட மறப்பவர்க்கோ, இக்காலத்துச் 'செராகோட்' போன்ற சூளையிற் சுட்டேற்றும் பீங்கான்கலப்புப் பூச்சே நன்று. சுமார் 25 மைக்ரான் கனத்தில் அது ஈரத்தையே அணுகவிடாது. கீறல் விழுந்த இடத்தில் மட்டும் துரு நுழையும். குழல் துருவேறா எஃகாயின் மருந்துநீரால் துரு எளிதிற் படராது. ஆதலின் எவ்வெஃகு என்பதை முதலிற் கேட்டறிதல் நலம்.

பழங்காலத் துப்பாக்கியாயின் ஒன்றும் செய்யாதிருப்பதே மேல். உப்புத்தாள் தேய்த்த மாத்திரத்தில் செய்தோன் முத்திரையும் போய், விலையும் போய்விடும்.

மேற்கூறிய யாவும் குழலின் வெளிப்புறத்திற்கே. முன்னாளைய தோட்டாக்களின் தீமூட்டும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாக, அஃதாவது கறியுப்பை ஒத்த உப்பாகக் குழலினுள்ளே படிந்து ஈரத்தை ஈர்த்து, புரிகளை ஓரிரு நாளில் அரிக்கத் தொடங்கிற்று. எண்ணெய் உப்பைக் கரைப்பதில்லை. ஆதலால் ஆங்கிலப் படையினர் புனலொன்றை வைத்துக் கொதிநீரைக் குழலினுள் ஊற்றி, உலரத் துடைத்த பின்னரே எண்ணெய் இட்டனர்.