விலைக் கட்டத்தில் வெற்றிடம்: பூஜ்யமா, தெரியாததா?

பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் ஒரு கட்டத்தைச் சும்மா விட மாட்டார்கள். தொகை இல்லாத இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு இருந்தால் பார்த்தாயிற்று, இங்கே ஒன்றும் இல்லை என்று பொருள். கட்டம் வெறுமனே இருந்தால் இன்னும் எழுதவில்லை என்று பொருள். பூஜ்யம் எழுதியிருந்தால் அது ஒரு கணக்கு. இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே சரக்குப் பட்டியலைக் கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. அது எப்படிப் போகிறது, எப்படித் தடுப்பது என்பதே இந்தப் பாடம்.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். எங்களுடையது பருப்பு மொத்த வியாபாரம். தினமும் காலையில் எக்ஸெல் தாளில் விலை போடுவோம். அதை இணையப் பக்கம் தானாக எடுத்துக் காட்டும். ஒரு நாள் துவரம் பருப்புக்கு மில்லிலிருந்து விலை வரவில்லை. பையன் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டான். வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் உளுந்து, கடலைப் பருப்பு, துவரம் பருப்பு மூன்றுக்கும் சேர்த்து ஆர்டர் போட்டார். பக்கம் கூட்டிக் காட்டிய தொகையில் துவரம் பருப்புக்கு ஒரு பைசாகூட இல்லை. அவரும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து, விலை இறங்கியிருக்கிறது போலும் என்று நினைத்து, பணத்தைச் செல்போனிலேயே அனுப்பிவிட்டார். லாரியில் மூட்டை ஏறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மனிதர் நேர்மையானவர், மீதியைக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஃபோன் செய்து விலையைக் கேட்டுக்கொண்டுதான் ஆர்டர் போடுகிறார். அப்படியானால் அந்தப் பக்கம் எதற்கு?

தவறு எங்கே நடந்தது என்று தேடியபோது இரண்டு இடங்கள் அகப்பட்டன. முதலாவது எக்ஸெல்லிலேயே இருந்தது. ஒரு தாளில் உள்ள விலையை இன்னொரு தாள் சூத்திரம் மூலம் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தோம். மூலக் கட்டம் காலியாக இருந்தால், எடுத்துக்கொள்ளும் கட்டத்தில் எக்ஸெல் பூஜ்யத்தைப் போட்டுவிடும். ‘மூலம் காலியாக இருந்தால் இதுவும் காலியாகவே இருக்கட்டும்’ என்று சூத்திரத்திலேயே சொல்லிவைக்க வேண்டும். உங்கள் தாளில் இப்போதே சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது இடம் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட். அது காலியான எழுத்தையும், ‘நல்’ எனப்படும் வெறுமைக் குறியையும் பெருக்கச் சொன்னால் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. சத்தமே இல்லாமல் நடக்கும் தவறு இது. விலைப் பத்தியே வந்து சேராவிட்டால் ‘அன்டிஃபைன்ட்’ என்று எழுதிக்காட்டும். விலைக் கட்டத்தில் யாராவது கோடு போட்டிருந்தால், பெருக்கி வந்த விடை ‘எண் அல்ல’ என்ற பொருளில் என்.ஏ.என். என்று மூன்று எழுத்தாக வரும். பார்க்க அசிங்கம்தான். ஆனாலும் பூஜ்யத்தைவிட இது மேல். வாடிக்கையாளர் கூப்பிட்டுக் கேட்பாரே!

சரி, காலிக் கட்டத்தில் என்ன காட்டுவது? இதைப் பக்கம் செய்து கொடுப்பவர் முடிவு செய்ய முடியாது. பத்திக்குப் பத்தி நாம்தான் சொல்ல வேண்டும். இருப்புப் பத்தியில் பூஜ்யம் என்றால் சரக்கு தீர்ந்தது. காலி என்றால் இன்னும் எண்ணவில்லை. முன்னதற்கு ‘இருப்பு இல்லை’ என்றும், பின்னதற்கு ‘கேட்டுச் சொல்கிறோம்’ என்றும் காட்டலாம். ஜி.எஸ்.டி. பத்தியில் உப்புக்குப் பூஜ்யம் என்பது சரியான வரி விகிதம். ஆனால் விகிதம் எழுத மறந்த பொருளுக்கும் பூஜ்யம் என்று பில் போனால் அந்த வரி நம் கையிலிருந்துதான் போகும். எனவே விகிதம் இல்லாத பொருளுக்குப் பில்லே போகக் கூடாது. காலாவதித் தேதி பாத்திரத்துக்குப் பொருந்தாது, அங்கே ஒரு கோடு போதும். பிஸ்கட்டுக்கு அது காலியாக இருந்தால் யாரோ எழுத மறந்திருக்கிறார்கள். சில பக்கங்கள் காலித் தேதியை 1970 ஜனவரி 1 என்று காட்டும். கம்ப்யூட்டரின் காலக் கணக்கு அந்த நாளில் தொடங்குவதால் வரும் வினை இது.

விலைதான் முக்கியம். தினம் ஏறி இறங்கும் சரக்குக்கு ‘விலை கேட்கவும்’ என்று போட்டு, ஆர்டர் பொத்தானை எடுத்துவிடுவது நல்லது. நேற்றைய விலையையே காட்டலாமே என்பார்கள் சிலர். காட்டலாம், பக்கத்திலேயே அது எந்தத் தேதி விலை என்று போட்டால். தேதி போடாத பழைய விலை, இல்லாத விலையைவிடக் கெடுதல். பாக்கெட் சரக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. எடையளவுச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி, இணையத்தில் விற்கும் பொட்டலத்துக்கு எம்.ஆர்.பி., நிகர எடை முதலிய விவரங்களைப் பக்கத்திலும் காட்டியாக வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எம்.ஆர்.பி. காலியாக உள்ள பாக்கெட்டைப் பட்டியலில் காட்டாமல் நிறுத்திவைப்பதே வழி. படம் இல்லாத பொருளுக்குக் கடைச் சின்னத்தைப் போடுங்கள், வேறு பொருளின் படத்தை ஒருபோதும் போடாதீர்கள்.

காலியிடம் கூட்டுக் கணக்கிலும் புகுந்து கெடுக்கும். ஐந்து ஊர் விலையின் சராசரியைக் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஊரிலிருந்து கிலோவுக்கு 150, 152, 148, 154 ரூபாய் வந்தது, ஐந்தாவது வரவில்லை. நான்கால் வகுத்தால் 151 ரூபாய். வராததைப் பூஜ்யமாக்கி ஐந்தால் வகுத்தால் 120 ரூபாய் 80 காசு. ‘குறைந்த விலை முதலில்’ என்று வரிசைப்படுத்தினாலும் இதே கதைதான். விலையில்லாத சரக்கு தலைமேல் வந்து உட்காரும். அவற்றைக் கடைசியில் தள்ளும்படி சொல்லுங்கள்.

உங்களுக்குப் பக்கம் செய்து கொடுப்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள். மதிப்பு இல்லாதபோது மாற்றுச் சொல்லைக் காட்ட ஜாவாஸ்கிரிப்ட்டில் இரட்டைச் செங்குத்துக் கோட்டைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அது பூஜ்யத்தையும் இல்லாததாகவே எண்ணும். தீர்ந்துபோன சரக்குக்கும் ‘கேட்டுச் சொல்கிறோம்’ என்று காட்டிவிடும். 2020இல் அந்த மொழியில் சேர்ந்த இரட்டைக் கேள்விக்குறி பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே விடும். ஆனால் அதுவும் காலி எழுத்தைப் பிடிக்காது. எக்ஸெல்லிலிருந்து எடுத்த தாளில் வருவது பெரும்பாலும் காலி எழுத்துத்தான். எனவே உள்ளே வரும் இடத்திலேயே காலி, வெறும் இடைவெளி, கோடு எல்லாவற்றையும் ஒரே குறியாக மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

விவரம் வந்து சேரும் வரை என்ன காட்டுவது என்பதையும் விடக்கூடாது. சிக்னல் குறைந்த ஊரில் இருப்பவருக்குச் சில வினாடிகள் ஆகும். அதுவரை ‘விலை வருகிறது’ என்று இருக்கட்டும். வரவே இல்லையென்றால் ‘பட்டியல் கிடைக்கவில்லை’ என்ற வாசகமும் கடை ஃபோன் எண்ணும் தெரிய வேண்டும். வெறும் கட்டங்களைப் பார்ப்பவர் கடையில் சரக்கே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

பக்கத்தை வாங்கிக்கொள்ளும் முன் ஐந்து பொய்ச் சரக்குகளை எழுதுங்கள். ஒன்றுக்கு விலை பூஜ்யம், ஒன்றுக்குக் காலி, ஒன்றுக்குக் கோடு, ஒன்றுக்கு ஒரே ஒரு இடைவெளி, ஒன்றுக்கு ‘இல்லை’ என்ற சொல். கடைப் பையனின் செல்போனில் பக்கத்தைத் திறந்து, ஐந்திலும் பத்துப் பத்து மூட்டைக்கு ஆர்டர் போடச் சொல்லுங்கள். ஒன்றாவது ரூ.0 என்று பில் ஆனால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.