திரையின் பழுதும் தீர்க்கும் முறையும்

நுழையும்முன்

இயங்காத பொருளைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆயினும், அவ்வாறு கழிக்கப்படும் கணினித் திரையகங்கள் பலவற்றில் கெட்டிருப்பது விரல்நுனி அளவுள்ள ஓர் உறுப்பு மட்டுமே. அவ்வுறுப்பின் பழுதை அறிந்து மாற்றும் முறையையும், அதற்கு அடிப்படையான ஆராயும் நெறியையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏரியும் மின்தேக்கியும்

மழை எப்போதும் ஒரே அளவில் பெய்வதில்லை. பெய்யும்போது நீரைத் தேக்கி, வேண்டும்போது மதகின் வழியே சீராக வெளிவிடுவது ஏரியின் பணி. மின்சுற்றில் அப்பணியைச் செய்வது மின்தேக்கி. பணிமனைகளில் இதனைக் ‘கப்பாசிட்டர்’ என்றும் ‘கண்டன்சர்’ என்றும் அழைப்பர். வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தைத் திரையகத்தின் மின்வழங்கிப் பலகை, குறைந்த அழுத்தமுள்ள நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. அப்போது எழும் ஏற்ற இறக்கங்களை மின்தேக்கிகளே சமன்செய்கின்றன.

மின்வழங்கிப் பலகையில் உருளை வடிவில் நிற்பவை பெரும்பாலும் அலுமினிய மின்பகுளி மின்தேக்கிகள். சுருட்டப்பட்ட அலுமினியத் தகடுகளுக்கு இடையே மின்பகுளியில் நனைந்த தாள் இருக்கும். தகட்டின் மேல் படிந்த மிக மெல்லிய அலுமினிய ஆக்சைடு படலமே மின்காப்பாக நிற்கிறது. மின்பகுளி உலர்ந்தாலோ சிதைந்தாலோ மின்தேக்கி தன் ஆற்றலை இழக்கிறது. கொள்ளளவு குறைந்த மின்தேக்கி தூர்ந்துபோன ஏரி போன்றது. உள் மின்தடை மிகுந்த மின்தேக்கி மதகு அடைபட்ட ஏரி போன்றது. இரண்டும் பயன்படா.

தெரிந்து தெளிவோம்

மின்தேக்கியின் முன்னோடி ‘லைடன் சாடி’ ஆகும். ஜெர்மனியைச் சேர்ந்த எவால்ட் கியோர்க் ஃபான் கிளைஸ்ட் 1745-இலும், நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் ஃபான் மூஸன்புரூக் அதனை அடுத்தும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். மின்தேக்குத் திறனின் அலகாகிய ‘ஃபாரட்’, மைக்கேல் ஃபாரடேயின் பெயரால் அமைந்தது.

புடைப்பதன் காரணம்

மின்தேக்கியின் முதல் பகை வெப்பம். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் குறையுந்தோறும் இதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் கையாளும் பொதுக் கணக்கு. 105 பாகையில் 2,000 மணிநேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கி, 75 பாகையில் ஏறத்தாழ 16,000 மணிநேரம் உழைக்கும். நாள்தோறும் எட்டு மணிநேரம் எனக் கொண்டால் இது ஐந்தரை ஆண்டுகள். திரையகத்தின் காற்றுத் துளைகள் தூசியால் அடைபட்டு வெப்பம் 85 பாகையாக உயர்ந்தால் ஆயுள் பாதியாகிவிடும்.

இரண்டாவது காரணம் தரக்குறைவு. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தயாரான மின்தேக்கிகள் பலவற்றில் மின்பகுளிக் கலவை குறைபாடு உடையதாய் இருந்தது. அதிலிருந்த நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வளியை உண்டாக்கியது. அழுத்தம் தாங்காமல் மின்தேக்கிகள் புடைத்து வெடித்தன. உலகெங்கும் தாய்ப்பலகைகளும் திரையகங்களும் உரிய காலத்திற்கு முன்பே பழுதுற்றன.

பழுதறிதல்

மருத்துவர் மருந்து எழுதுமுன் நோயாளியிடம் கேட்டறிகிறார். பழுதுநீக்குபவரும் அவ்வாறே பொருளின் நடத்தையைக் கவனிக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் விளக்கு விட்டுவிட்டு மின்னுதல், படம் ஓரிரு நொடி தோன்றி மறைதல், நெடுநேரம் கழித்தே திரை ஒளிர்தல் ஆகியவை மின்வழங்கியின் மீது ஐயம் எழுப்பும் அறிகுறிகள்.

திரை இருண்டிருக்கும்போது கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால், படத்தை உருவாக்கும் பகுதி நலமாக உள்ளது. பின்னொளியிலோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியிலோ குறை உள்ளது என அறியலாம்.

திறந்து பார்க்கையில், மின்தேக்கியின் தட்டையான தலை புடைத்திருந்தாலோ, தலையிலுள்ள கீறல் பிளந்து பழுப்புநிறக் கசிவு காணப்பட்டாலோ அது கெட்டது என்பது உறுதி. உறுப்புகள் ஆடாதிருக்கத் தொழிற்சாலையில் அடியில் இடப்படும் பசையைக் கசிவு எனக் கருதிவிடக் கூடாது. புடைக்காத மின்தேக்கி நல்லது என்றும் முடிவுசெய்யக் கூடாது. ஒரு காலையேனும் பலகையிலிருந்து விடுவித்து, மல்டிமீட்டரால் கொள்ளளவையும் அதற்குரிய கருவியால் உள் மின்தடையையும் அளந்த பின்பே முடிவுக்கு வர வேண்டும். சுற்றோடு இணைந்த நிலையில் எடுக்கும் அளவு பிற உறுப்புகளின் தாக்கத்தால் பிழைபடக்கூடும்.

உயிர்காக்கும் ஒழுங்கு

மின்வழங்கிப் பலகையிலுள்ள மிகப் பெரிய மின்தேக்கி ஏறத்தாழ 325 வோல்ட் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம். அது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். திருப்புளியால் இருமுனைகளையும் தொட்டு மின்னிறக்கம் செய்வது தவறு. தீப்பொறி பறக்கும், பலகையும் கெடும். இரண்டு கிலோ ஓம் அளவும் பத்து வாட் திறனும் கொண்ட மின்தடையை, காப்புறையிட்ட கம்பிகளின் வழியே முனைகளில் சில நொடிகள் இணைத்து, பின்னர் மல்டிமீட்டரால் அழுத்தம் இறங்கியதை உறுதிசெய்ய வேண்டும். மாணவர்கள் இப்பணியைத் தேர்ந்தவரின் மேற்பார்வையின்றி ஒருபோதும் செய்யலாகாது.

மாற்றும் முறை

பழைய உறுப்பைக் கழற்றுமுன், எந்த முனை எத்திசையில் உள்ளது என்பதைப் படமெடுத்தோ வரைந்தோ வைத்துக்கொள்ள வேண்டும். மின்தேக்கியின் உடலில் பட்டையிட்ட பக்கம் எதிர்முனை. புதியதில் நீண்ட கால் நேர்முனை. திசை மாறிப் பொருத்தினால் அது வெடிக்கக்கூடும்.

புதியதன் கொள்ளளவு பழையதற்கு நிகராக இருக்க வேண்டும். 1,000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் எனக் குறிக்கப்பட்டதற்கு அதே கொள்ளளவும் 16 அல்லது 25 வோல்ட்டும் உடையது பொருந்தும். அழுத்தம் குறைந்தது பொருந்தாது. 105 பாகை வெப்பம் தாங்குவதும், உள் மின்தடை குறைந்ததுமான வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். உயரமும் பருமனும் பெட்டிக்குள் அடங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

பற்றவைப்புக் கோலின் சூட்டால் ஈயப்பற்றை இளக்கி, கால்களை மெல்ல விடுவிக்க வேண்டும். வலிந்து இழுத்தால் பலகையின் செம்புத் தடம் பெயர்ந்துவிடும். துளைகளில் எஞ்சிய ஈயத்தைச் செம்பிழை நாடாவால் துடைத்து, புதியதைச் செருகிப் பற்றவைத்து, மிகுந்த காலை நறுக்க வேண்டும். ஒன்று புடைத்திருந்தால் அதே வகையைச் சேர்ந்த அண்டை மின்தேக்கிகளையும் சேர்த்து மாற்றுவது நன்று. ஒரே வெப்பத்தில் ஒரே காலம் உழைத்தவை அவை.

மாற்றிய பின்

திரை ஒளிர்ந்துவிட்டது என்பதோடு பணி முடிந்துவிடாது. புடைத்த மின்தேக்கியை மாற்றுவது நோய்க்குறியை நீக்குவது. அது ஏன் புடைத்தது என்று வினவுவதே நோயை நீக்குவது. தூசியடைந்த துளைகளும், வெப்பம் உமிழும் உறுப்புக்கு அருகில் அமைந்த இடமும், போலிச் சரக்கும் அப்படியே இருந்தால் புதிய மின்தேக்கியும் விரைவில் புடைக்கும். பழைய திரையகங்களின் பின்னொளிக் குழல்களில் பாதரசம் உள்ளது. எனவே சீர்செய்து பயன்படுத்தும் ஒவ்வோர் ஆண்டும் அந்நச்சு குப்பைமேட்டை அடையாமல் தடுக்கப்படுகிறது. சீர்செய்ய இயலாதவற்றையும் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடமே ஒப்படைக்க வேண்டும்.

சில ரூபாய் விலையுள்ள உறுப்பு, சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பொருளின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. அதைக் காப்பது கைத்திறன் மட்டுமன்று; பார்த்து, அளந்து, காரணம் தெளிந்த பின் கைவைக்கும் பொறுமையும் ஆகும்.

கற்பவை கற்றபின்...

1. 105 பாகையில் 2,000 மணிநேர ஆயுள் கொண்ட மின்தேக்கி 65 பாகையில் எவ்வளவு காலம் உழைக்கும் எனக் கணக்கிடுக.
2. ஏரிக்கும் மின்தேக்கிக்கும் உள்ள ஒப்புமையையும், அவ்வொப்புமை பொருந்தாத இடங்களையும் வகுப்பில் கலந்துரையாடுக.
3. உங்கள் ஊரில் மின்னணுப் பொருள்களைப் பழுதுநீக்குபவர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான தமிழ்க் கலைச்சொற்களை எழுதுக.