டிகிரி முடிந்ததும் எந்தப் பக்கம்?

ஜவ்வாதுமலையில் நெல்லிவாசல்நாட்டிலிருந்தும் பக்கத்துப் புதூர்நாடு, புங்கம்பட்டுநாட்டிலிருந்தும் கீழே இறங்கிக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இறுதியாண்டில் நான்கு வழிகள் தெரிகின்றன: அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வு, பி.எட்., கம்பெனி வேலை, மலையிலேயே தொழில். எதைப் பற்றிப் பேசினாலும் "என்னால முடியுமான்னு தெரியலை" என்பதுதான் முதல் பதில். வீட்டில் முதல் பட்டதாரிக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அந்தத் தயக்கத்தைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தன்னால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்து உடல் மன நிலை என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். அவற்றில் முதலாவதுதான் வலுவானது. ஆகவே நான்கு வழிகளையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இந்த மாதமே சிறு அளவில் எதைச் செய்து பார்க்க முடியும்?

டிஎன்பிஎஸ்சியைச் சோதிப்பது எளிது. குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். பாதிக் கேள்விகள் தமிழ். பழைய வினாத்தாள் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசம். நேரம் வைத்து ஒரு தாளை எழுதுங்கள். வரும் மதிப்பெண் எதுவானாலும், கோச்சிங் சென்டர் விளம்பரம் சொல்லாததை அது சொல்லும். பழங்குடியினருக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. ஆனால் மாநிலத்தில் அவர்களுக்கான இடஒதுக்கீடு 1 சதவீதம்தான். 1000 இடம் வந்தால் 10. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு, அதற்கு ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்த சான்று வேண்டும். இந்த வழியை மட்டுமே நம்பி மூன்று நான்கு வருடம் வீட்டில் உட்காருவதை நான் ஒப்பமாட்டேன். ஒரு வேலையில் இருந்தபடியே படியுங்கள்.

ஜவ்வாதுமலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 23 வயதில், டிஎன்பிஎஸ்சி நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. குழந்தை பிறந்த சில நாட்களுக்குள் தேர்வெழுதியவர் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். மாணவர் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. அவர் சட்டம் படித்தார். தமிழ்வழி முன்னுரிமையும் அவருக்குப் பயன்பட்டது. நம்மைப் போன்ற ஒருவர் வென்றால் தெம்பு வருகிறது. அவர் ஏறிய படிகளும் தெரிந்தால்தான் அடுத்த வருடம் இன்னொருவர் ஏறுவார்.

பி.எட். இரண்டு வருடம். அதன் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட். அதில் தேறினாலும் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. ஊரில் நாலு பிள்ளைகளுக்கு ஒரு மாதம் மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அலுப்புத் தட்டினால் அந்த இரண்டு வருடத்தையும் செலவையும் மிச்சப்படுத்தலாம்.

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஆம்பூர் கம்பெனிகளில் பணம் சீக்கிரம் கையில் வரும். சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, பஸ் போக மீதி எவ்வளவு என்று அங்கே இருக்கும் மூத்த மாணவரிடமே கேளுங்கள். கான்ட்ராக்டா, நேரடி வேலையா என்பதையும் கேளுங்கள். வேலை இன்னது என்று சொல்வதற்கு முன் அட்வான்ஸ் நீட்டுகிறவரிடம் எதையும் கேட்க வேண்டாம், விலகிவிடுங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீசார் சுட்டதில் இறந்த 20 பேரில் ஜவ்வாதுமலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப்போகும் தரகர்கள் இந்த மலைக்குப் புதியவர்கள் அல்லர்.

சாமை, புளி, தேன் என்று மலையில் விளைவதையும் கிடைப்பதையும் விற்கும் தொழிலைப் படித்த பிள்ளைகள் கடைசியில் வைப்பது எனக்கு வருத்தம். சாமையை அப்படியே மூட்டையாக விற்பதற்கும், அரிசியாக்கிப் பொட்டலம் போட்டு விற்பதற்கும் கையில் நிற்கும் காசு எவ்வளவு வேறுபடுகிறது என்று ஒரு மூட்டையில் கணக்குப் போடுங்கள். அது முதல் சோதனை. கணக்குத் தேறினால், 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 சதவீத மூலதன மானியம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். மீதியில் பெரும்பகுதி வங்கிக் கடன் என்பதால், ஒரு பருவம் விற்றுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிஎன்பிஎஸ்சி, பி.எட்., தொழில் மானியம் என எதில் இடஒதுக்கீடோ சலுகையோ கேட்டாலும் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கு அதை வழங்குபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். விசாரணைக்கு நாளாகும். விண்ணப்பத்தை இறுதியாண்டு தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.