வரையாதவரும் பயிலும் கலை

நுழையும்முன்

பத்தாம் வகுப்புக்குப்பின் என்ன படிப்பது என்னும் பேச்சு எழும்போது, "எனக்கு ஓவியம் பார்க்கப் பிடிக்கும், ஆனால் வரைய வராது" என்று தயங்கும் மாணவர் உண்டு. அவர்களுக்கும் கலைக் கல்லூரியில் இடமுண்டு. எவ்வாறு என்பதை நம் ஊரைக் கொண்டே காண்போம்.

வைப்பின் துறையில் படகேறினால் சில நிமிடங்களில் கொச்சிக் கோட்டைக் கரையை அடையலாம். அங்கிருந்து மட்டாஞ்சேரி அரண்மனை நெடுந்தொலைவில் இல்லை. போர்த்துகீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்கு அளித்த மாளிகை அது. 1663இல் டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்தனர். இன்று மக்கள் அதனை 'டச்சு அரண்மனை' என்கின்றனர். கட்டியவர் பெயர் மறைந்து, பழுதுபார்த்தவர் பெயர் நிலைத்துவிட்டது!

அரசரின் பள்ளியறைச் சுவர்களை இராமாயணக் காட்சிகள் நிறைத்துள்ளன. சுண்ணாம்புப் பூச்சின்மேல் இயற்கை வண்ணங்களால் தீட்டப்பட்டவை அவை. உருவங்கள் நெருங்கி நிற்கின்றன. எதன் நிழலும் தரையில் விழுவதில்லை. வேறோர் அறையில் கொச்சி அரசர்களின் உருவப்படங்கள் உள்ளன. அவற்றிலோ ஒளியும் நிழலும் காட்டும் மேனாட்டு முறை காணப்படுகிறது. ஒரே கூரையின்கீழ் இவ்விரு முறைகளும் எவ்வாறு வந்தன? வரைவித்தவர் யார்? புதிய முறை எவ்வழியாக நுழைந்தது? இவ்வாறு வினவிச் சான்று தேடுவதே கலை வரலாறு. இதற்குக் கூர்ந்து பார்க்கும் கண்ணும் பொறுமையாகப் படிக்கும் பழக்கமும் வேண்டும்.

மொழியறிவும் வேண்டும். "கேரளத்தில் வாழும் நமக்குத் தமிழ் எதற்கு?" என்று உங்களுள் சிலர் வீட்டில் கேட்பதை அறிவேன். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை எண்ணிப் பாருங்கள். முதலாம் இராசராசன் காலத்தில் அக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் உயரம் முழக் கணக்கிலும் விரல் கணக்கிலும் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளது. அத்திருமேனிகளுள் பெரும்பாலானவை இன்று அங்கில்லை. அவற்றின் உருவத்தை அறிய நமக்கு எஞ்சியிருப்பவை அத்தமிழ் வரிகளே. உலகின் எந்த நாட்டு அறிஞராயினும் அவற்றை ஆராயத் தமிழையே நாட வேண்டும். உங்களுக்கோ மலையாளமும் உடன் கிடைத்திருக்கிறது.

இனி வடிவமைப்பு. இந்தியாவில் வடிவமைப்புக் கல்வியை எப்படித் தொடங்கலாம் என்று ஆராய்ந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதில் அவர்கள் வியந்து போற்றிய பொருள், நம் பாட்டிமார் தண்ணீர் மொள்ளும் செம்பு! நீரின் அளவு, பிடிக்கும் கை, இடுப்பில் தாங்கும் வாகு, தேய்த்துக் கழுவும் எளிமை ஆகிய அனைத்துக்கும் பொருந்த அது உருவாகியிருப்பதை அவர்கள் கண்டனர். இவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

கலையின் பல கிளைகளிலும் உழைத்த ஒருவரை இங்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவரும் கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. கே. ஜி. சுப்பிரமணியன் 1924இல் கூத்துப்பறம்பில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் படித்தது பொருளியல். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அதனால் அரசுக் கல்லூரிகளில் சேரத் தடை விதிக்கப்பட்டது. 1944இல் சாந்திநிகேதனத்தின் கலாபவனத்திற்குச் சென்றார். பின்னர்ப் பரோடாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இடையே கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பு வகித்தார். ஓவியம் தீட்டினார், கலை பற்றிக் கட்டுரைகள் எழுதினார், கல்லூரிக் கலைச் சந்தைக்காக மரப் பொம்மைகளும் செய்தார். பேராசிரியர் ஒருவர் சந்தைக்குப் பொம்மை செய்வதைத் தாழ்வாக எண்ணாத அக்கல்லூரியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மூன்றாவது துறை கலை நிருவாகம். இதன் அருமை, அது தவறும்போதுதான் புலப்படும். கொச்சிக் கோட்டையின் ஆஸ்பின்வால் மாளிகை முதலிய இடங்களில் 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி முசிறி பினாலே தொடங்கியது. பினாலே என்பது ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் கலைக் கண்காட்சி. 2022ஆம் ஆண்டின் கண்காட்சியும் டிசம்பர் 12 அன்று தொடங்க வேண்டியது. இறுதி நேரத்தில் 23ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. கலைப்பொருள்கள் வந்துசேரத் தாமதம், அரங்குகளில் மழைநீர்க் கசிவு, மின்தடை எனப் பல குறைகளைப் பங்கேற்ற கலைஞர்கள் பொதுமடலில் எடுத்துரைத்தனர். ஓவியம் எத்துணைச் சிறந்ததாயினும், பெட்டி சுங்கத்தில் கிடந்தால் பார்ப்பவர் யார்? நிதி திரட்டுதல், ஒப்பந்தம், காப்பீடு, போக்குவரத்து, பார்வையாளர் வசதி ஆகியவற்றைக் கற்றவர் அங்குத் தேவைப்படுகிறார். 2018இல் அக்கண்காட்சியைப் பொறுப்பேற்று அமைத்த அனிதா துபே, முதலில் வரலாறும் பின்னர்ப் பரோடாவில் கலை விமரிசனமும் பயின்றவர். சிற்பியானது அதன் பிறகே.

சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் மகளிர் கல்லூரியின் நுண்கலைத் துறையில் கலை வரலாறும் செய்முறையும் இணைத்துக் கற்பிக்கப்படுகின்றன. செய்முறைக் கலையே வேண்டுமெனில், 1850இல் தொடங்கப்பட்ட சென்னைக் கவின்கலைக் கல்லூரியும், அருகிலேயே திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியும் உள்ளன. ஒன்றை மறைக்கலாகாது. இத்துறைகளில் வேலைகள் குறைவு. தொடக்க ஊதியமும் பெரிதன்று. துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்து உங்களைப் படிக்கவைக்கும் பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. கட்டணம், உதவித்தொகை, படித்தவர்கள் இன்று பணியாற்றும் இடங்கள் ஆகிய மூன்றையும் கேட்டறிந்து, அவ்விவரத்துடன் அவர்களிடம் பேசுங்கள்.

சொற்பொருள்

பள்ளியறை – படுக்கையறை
திருமேனி – இறையுருவம்
மொள்ளுதல் – நீரை முகத்தல்
வாகு – ஏற்ற அமைப்பு

பயிற்சி

1. அரண்மனைச் சுவரோவியங்களுக்கும் அரசர் உருவப்படங்களுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தஞ்சைக் கல்வெட்டுகள் கலை வரலாற்றுக்கு எவ்வாறு உதவுகின்றன?
3. பிரித்து எழுதுக: செப்புத்திருமேனி, கலைப்பொருள், பொதுமடல்.
4. உங்கள் குடும்பத்தார் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்தவர் யார், எதனால் ஆனது, அவ்வடிவம் ஏன் என்பவற்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.