பியர்டட் டிராகனுக்குத் தரை போடுவது எப்படி?

பியர்டட் டிராகன் வாங்குகிறவர்கள் தொட்டிக்கும் விளக்குக்கும் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பார்கள். தரை என்று வரும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மணல் மூட்டையை அப்படியே கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். பாலைவனத்துப் பிராணிதானே, மணல் போதாதா என்ற நினைப்பு.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம்தான் இதன் சொந்த ஊர். நம் வேலியோர ஓணானுக்கு இது பங்காளி. இரண்டும் அகமிடே குடும்பம். அங்கே இது திரிவது பெரும்பாலும் களியும் மணலும் கலந்து வெயிலில் இறுகிப்போன செம்மண்ணில்; புதரிலும் பட்ட மரத்திலும் வேலிக் கம்பத்திலும் ஏறி உட்கார்ந்து வெயில் காயும். ஓடினால் கால் புதையாது, நகம் வைத்தால் தோண்ட வரும். அப்படிப்பட்ட தரை அது. கடை மணலில் கால் புதையும், குழி தோண்டினால் சரியும். அந்த நிலத்துக்கும் இதற்கும் நிறம்தான் ஒற்றுமை.

மணலைப் பற்றிய பெரிய பயம் குடலடைப்பு. டிராகன் இரையை நாக்கால் ஒற்றி எடுக்கும். அதோடு தரையில் இருப்பதும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். நல்ல சூட்டில், தண்ணீர்ச்சத்தும் கால்சியமும் குறையாமல் வளரும் பெரிய டிராகன் கொஞ்சம் மண்ணை விழுங்கினாலும் கழிவோடு தள்ளிவிடும். வெயில் காயும் இடத்தில் போதிய சூடில்லாத, யு.வி.பி. விளக்கில்லாத தொட்டியில் குடல் மந்தப்படும். அப்போதுதான் விழுங்கிய மண் தேங்கும். அதனால் தரையை மாற்றுவதற்கு முன்னால் சூட்டை அளந்து பாருங்கள். விளக்குக்குக் கீழே உள்ள பரப்பு 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் 24 முதல் 29 வரை. தொட்டிச் சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானி இதற்கு உதவாது. துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானிதான் பரப்பின் சூட்டைச் சொல்லும்.

முதல் தரை: வெறும் காகிதம்

புதிதாக வந்த டிராகன், குஞ்சு, நோயாளி மூன்றுக்கும் ஒரே தரைதான்: சமையலறை டிஷ்யூ தாள் அல்லது செய்தித்தாள். அழகு பார்க்காதீர்கள். தாளில்தான் கழிவின் நிறமும் இறுக்கமும் தெரியும். கெட்டியான பழுப்புப் பகுதியும் அதோடு வெள்ளையாக யூரேட் என்ற சிறுநீர் உப்பும் இருந்தால் நல்லது. நீர்த்து, நாற்றமடித்து, சளியோடு இருந்தால் அதில் கொஞ்சம் எடுத்து மருத்துவரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். காக்சிடியா, ஊசிப்புழு என்ற ஒட்டுண்ணிகள் இரண்டும் இந்த இனத்தில் சகஜம். சோதனை சுத்தமாக வரும்வரை, குறைந்தது சில வாரங்கள், காகிதத்தை விட்டு நகர வேண்டாம். ஒட்டுண்ணி உள்ள பிராணியை மண்ணில் விட்டால் முட்டைகள் மண்ணிலேயே தங்கி, மருந்து கொடுக்கக் கொடுக்கத் திரும்பத் தொற்றும்.

இரண்டாவது தரை: ஓடு

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள தொட்டிக்கு 30 செ.மீ. சதுர ஓடுகள் சரியாக எட்டு. தொட்டியின் உள்ளளவு கொஞ்சம் குறையும் என்பதால் ஓரத்து ஓடுகளைக் கடையிலேயே அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பளபளக்கும் ஓடு கூடாது. குளியலறைக்குப் போடும் சொரசொரப்பான மேட் ஓடோ, மெருகிடாத கடப்பாக் கல்லோ, ஸ்லேட்டோ எடுங்கள். வழுக்கும் தரையில் இரையைத் துரத்தும் குஞ்சுக்குக் கால் அகன்று இழுபடும். சொரசொரப்பு நகத்தையும் தேய்த்துவிடும். நகம் வெட்டும் வேலை குறையும்.

ஓட்டைக் கழுவி உலர்த்தி, அடியில் தாள் விரித்து இறுக்கமாக அடுக்குங்கள். இடைவெளி விட்டால் இரையாக விடும் சில்வண்டுகள் உள்ளே புகுந்துகொண்டு ராத்திரியில் தூங்கும் டிராகனைக் கடிக்கும். வெயில் காயும் இடத்தில் மட்டும் தடித்த கல் ஒன்றை வையுங்கள். விளக்கு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அது சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கல் வைத்ததும் பரப்பு உயர்ந்து விளக்குக்கு நெருக்கமாகிவிடும் என்பதால் சூட்டை மறுபடி அளக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அடியிலிருந்து சூடேற்றும் மின்விரிப்பு இந்தப் பிராணிக்கு வேண்டாம். இது மேலிருந்து வெயில் வாங்கிப் பழகியது.

ஓட்டின் ஒரே குறை, தோண்ட முடியாது. ஒரு மூலையில் மண் நிரப்பிய அகலமான பிளாஸ்டிக் பெட்டி வைத்தால் அதுவும் தீர்ந்தது.

மூன்றாவது தரை: மண்

ஆரோக்கியமான, வளர்ந்த டிராகனுக்கு மண்தரை உண்மையில் சந்தோஷமான விஷயம். தோண்டும், புரளும், குளிர்மாதங்களில் மடங்கிக் கிடக்க இடம் தேடும். ஆனால் எடையை முதலில் கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன தொட்டியில் 10 செ.மீ. ஆழத்துக்கு 72 லிட்டர் மண் பிடிக்கும். உலர்ந்திருந்தாலும் அது ஏறத்தாழ 100 கிலோ. மேசையும் தொட்டியின் அடியும் தாங்குமா என்று பார்த்துவிட்டு மூட்டையை அவிழுங்கள்.

கலவை: மேல்மண் ஏழு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. உரமோ பூச்சிமருந்தோ பெர்லைட்டோ கலக்காத மண்ணாக இருக்க வேண்டும். நர்சரியில் கிடைக்கும் தயார் தொட்டிக்கலவையில் இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். கடற்கரை மணலில் உப்பு, எம்.சாண்ட் உடைத்த கல் என்பதால் முனை கூர்மை, இரண்டும் ஆகாது. மணலை நாலைந்து தடவை அலசித் தூசியைப் போக்கிக் காயவிடுங்கள்.

கலந்த பிறகு தண்ணீர் தெளித்துப் பிசைந்து ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். பிடிகொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நிற்க வேண்டும். உதிர்ந்தால் மண்ணைக் கூட்டுங்கள், கையில் அப்பினால் மணலைக் கூட்டுங்கள். தொட்டியில் பரப்பி உள்ளங்கையால் அழுத்தி இறுக்கி, டிராகனை விடாமல் விளக்கை மட்டும் பல நாள் எரியவிடுங்கள். மேல்பரப்பு கெட்டியாகி, ஈரப்பதமானி 30-40 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே குடியேற்றம். கனமான கற்களை மண்மேல் வைக்கக் கூடாது. அடியில் தோண்டினால் சரிந்து பிராணியை நசுக்கிவிடும். தொட்டித் தரையில் ஊன்றி வைத்துவிட்டு, சுற்றி மண் போடுங்கள்.

சென்னை, பினாங்கு மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு மண் வேண்டாம் என்பது என் கருத்து. காற்றிலேயே ஈரம் அவ்வளவு இருக்கையில் மண் காயாது. எந்நேரமும் ஈரமான தரையும் கழிவும் சேர்ந்தால் தோல்நோய்க்கு அழைப்பு.

வாங்கக் கூடாதவை

கால்சியம் மணல்தான் பட்டியலில் முதல். தின்றாலும் கெடுதலில்லை என்று விற்கிறார்கள். நனைந்தால் கட்டிபிடிக்கும் பொருள், குடலிலும் அதையே செய்யும். வால்நட் ஓட்டுத் தூளுக்கு விளிம்பு கூர்மை. சோளத்தக்கைத் துண்டு நீரை உறிஞ்சி உப்பும். சிடார், பைன் மரச்சீவலின் வாசனை எண்ணெய் மூச்சுக்குழாயை உறுத்தும். ரெப்டைல் கார்ப்பெட் சுத்தமாகத்தான் தெரியும். நூலில் நகம் மாட்டிக்கொள்ளும், இழைக்குள் புகுந்த அழுக்கு லேசில் போகாது.

துப்புரவு

கழிவை அன்றன்றே எடுக்க வேண்டும். மண்ணில் என்றால் அதைச் சுற்றியுள்ள ஒரு கை மண்ணையும் சேர்த்து அள்ளிவிட்டு அந்த அளவுக்குப் புதுமண் போடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடலாம். ஐசோபாட், ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர்களை விட்டு மண்ணே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்படி வைப்பவர்களும் உண்டு. அதற்கு அடிமண்ணில் ஒரு மூலையாவது ஈரமாக இருக்க வேண்டும். முதல் டிராகனை வளர்ப்பவருக்கு அது வேண்டாத வேலை.

ஓடு என்றால் தினமும் ஈரத்துணி, மாதம் ஒருமுறை கழற்றிச் சுடுதண்ணீரும் சோப்பும். பிறகு ஒரு பங்கு பிளீச், பத்துப் பங்கு தண்ணீர். பத்து நிமிடம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை அலசி, வெயிலில் காயவைக்கவும். பிளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். வீட்டுப் பினாயிலைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஃபீனால் வகைக் கிருமிநாசினிகள் ஊர்வனவற்றுக்கு விஷம்.

ஓட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் கூடாது. நலமாகத் தெரியும் டிராகனின் கழிவிலும் சால்மோனெல்லா இருக்கலாம். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள்.

பல நாள் கழிவு வராமல், வயிறு உப்பி, முக்கிக்கொண்டு, பின்னங்கால்களை இழுத்தபடி நடந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போய்விடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் எந்தப் பல்லியினத்தையும் வளர்க்க அனுமதி இல்லை. நியூ சவுத் வேல்ஸில் உரிமம் தேவை. இந்தியாவில் உடும்பு, பச்சோந்தி போன்ற நாட்டு இனங்களைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பெண் டிராகனுக்குத் தனி ஏற்பாடு

ஆண் துணையே இல்லாவிட்டாலும் வளர்ந்த பெண் முட்டையிடும். தீனியைக் குறைத்து, ஓயாமல் மூலைகளைச் சுரண்ட ஆரம்பித்தால் காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். அதனால் ஓட்டுத்தரை போட்டவர்கள், அது உள்ளே திரும்ப இடமுள்ள ஆழமான பெட்டியில் அதே மண்கலவையை 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி வையுங்கள். சுரங்கம் தோண்டினால் சரியாத அளவு ஈரம் இருக்கட்டும். இட்டு முடித்ததும் தானே குழியை மூடிவிடும். பொரிக்கவைக்கும் எண்ணம் இல்லையென்றால் முட்டைகளை அன்றே தோண்டி எடுத்து உறையவைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்; பெட்டி மண்ணையும் மாற்றுங்கள். அதே பருவத்தில் இன்னொரு ஈடும் இடலாம் என்பதால் பெட்டியை உடனே எடுத்துவிட வேண்டாம்.