இதயத்திற்கும் ரத்தம் வேண்டும்

ஒரு கையை இறுக மூடிப் பாருங்கள். உங்கள் இதயம் ஏறக்குறைய அந்த அளவுதான். எடை சுமார் 300 கிராம். அது நெஞ்செலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் இருக்கிறது; கீழ்முனை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். 'இதயம் என்றால் இடப்பக்கம்' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் நெஞ்சின் நடுவில் இறுக்கம் வந்தால், 'இது வாயுவாகத்தான் இருக்கும்' என்று தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுகிறவர்கள் உண்டு. இதயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தத் தவற்றைத் தவிர்க்கலாம்.

நான்கு அறைகள்

இதயம் தசையால் ஆன ஒரு பம்பு. நடுவே ஒரு சுவர். வலப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு அறைகள், இடப்பக்கம் இரண்டு அறைகள். உடலெங்கும் உயிர்வாயுவைக் கொடுத்துவிட்டு வரும் கருஞ்சிவப்பு ரத்தம் வலப்பக்கம் வந்து சேர்கிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போய், உயிர்வாயுவை ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கத்துக் கீழறை அதை உடல் முழுவதற்கும் தள்ளுகிறது. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது. கால்விரல் வெகு தூரம். அதனால் இடப்பக்கத்துக் கீழறையின் சுவர் வலப்பக்கத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பாக இருக்கும்.

ரத்தம் பின்னோக்கிப் போகாதபடி நான்கு வால்வுகள் காவல் இருக்கின்றன. மருத்துவர் கருவியை நெஞ்சில் வைத்துக் கேட்கும் 'லப்-டப்' என்பது இந்த வால்வுகள் மூடும் ஓசை.

ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 70 முறை துடித்தால், ஒரு நாளில் ஒரு லட்சம் துடிப்புகளைத் தாண்டிவிடும். நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் வெளியேறுகிறது. கடையில் விற்கும் பெரிய சமையல் எண்ணெய்ப் புட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நம் உடலில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. இன்று இது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் 1628இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிக் காட்டும்வரை, சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புதிது புதிதாக ரத்தம் செய்கிறது என்றுதான் ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள்.

'கொதிப்பு' என்ற சொல்

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள் தமனிகள். ஒவ்வொரு துடிப்பிலும் அவை விரிந்து சுருங்கும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கும்போது விரலில் தட்டுப்படுவது அந்த விரிவுதான். தமனிச் சுவரை ரத்தம் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதே ரத்த அழுத்தம். கருவியில் 120, 80 என்று காட்டினால், 120 இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். 80 இதயம் தளரும்போது உள்ள அழுத்தம்.

இதை வீடுகளில் 'ரத்தக் கொதிப்பு' என்கிறோம். பழகிய சொல்தான், ஆனால் கொஞ்சம் ஏமாற்றும் சொல். கொதிப்பு என்றால் தலை சுட வேண்டும், கோபம் வர வேண்டும் என்று தோன்றும். உண்மையில் ரத்தம் கொதிப்பதும் இல்லை, பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதும் இல்லை. 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்தினால், அழுத்தம் சத்தமில்லாமல் மறுபடி ஏறும். தமனிச் சுவர்கள் விறைக்கும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, இதயத் தசையும் தடிக்கும். மாத்திரையால் தலைசுற்றலோ இருமலோ வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை தர முடியும்.

வீட்டில் அளப்பவர்கள் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளக்கவும். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதங்கள் தரையில் இருக்கட்டும், கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். பேசக் கூடாது. தொலைக்காட்சித் தொடர் சூடுபிடிக்கும் நேரத்தில் அளக்கவும் வேண்டாம். எண்களை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதிவைத்து, பலதுறை மருந்தகத்திற்குச் செல்லும்போது எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பும் பாதை

தமனிகள் கிளைவிட்டுக் கிளைவிட்டு, முடியைவிட மெல்லிய நுண்குழாய்களாகின்றன. அவற்றில் ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். அங்கே உயிர்வாயுவும் சத்தும் இறங்குகின்றன, கழிவு ஏறுகிறது. பிறகு ரத்தம் சிரைகள் வழியாக இதயத்திற்குத் திரும்புகிறது. கையைக் கீழே தொங்கவிட்டால் புறங்கையில் புடைத்துத் தெரிபவை சிரைகள். அதே கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், வடிந்துவிடும். சிரைகளில் அழுத்தம் அவ்வளவு குறைவு. அப்படியானால் காலிலிருந்து ரத்தம் எப்படி மேலே ஏறுகிறது? நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் கணுக்கால் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வீக்கம் வடியாமல் இருந்தாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதயத்தின் சொந்தக் குழாய்கள்

இதயத்திற்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருக்கிறது. ஆனால் இதயத் தசை தனக்கு வேண்டியதை அந்த ரத்தத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. வங்கியில் வேலை செய்பவர் பெட்டகத்தில் கைவிட முடியாது, சம்பளத்திற்குத்தான் காத்திருக்க வேண்டும் என்பது போல. பெருந்தமனி இதயத்தைவிட்டு வெளியே வந்ததும் அதிலிருந்து இரண்டு சிறிய தமனிகள் பிரிகின்றன. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அவை, இதயத்தின் மேற்பரப்பில் கொடிபோலப் படர்ந்து, தசைக்கு ரத்தம் தருகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இதயம் சுருங்கும்போது தன் குழாய்களையும் சேர்த்தே நெரிக்கிறது. அதனால் இடப்பக்கத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையில், இதயம் தளரும் அந்த நொடியில்தான் கிடைக்கிறது. காய்கறிப் பையோடு நடைப்பாலம் ஏறுகிறீர்கள், துடிப்பு வேகமாகிறது, இதயத்திற்கு அதிக ரத்தம் தேவை, ஆனால் இடைவெளி குறைகிறது. குழாய் சீராக இருந்தால் அது விரிந்து ஈடுகட்டிவிடும். குறுகிப்போயிருந்தால் முடியாது. படியேறும்போது நெஞ்சில் இறுக்கம், நின்றால் சரியாகிவிடுகிறது என்றால், அது 'வயதானதால்' அல்ல. அந்த வாரமே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

கொழுப்புப் படிவதைக் குழாயில் பாசி பிடிப்பதற்கு ஒப்பிடுவது வழக்கம். அந்த உவமை முழுவதும் பொருந்தாது. கொழுப்பு சுவரின் உட்பரப்பில் ஒட்டுவதில்லை. சுவருக்குள்ளேயே, மெல்லிய தோலுக்கு அடியில் ஒரு கட்டிபோலத் திரள்கிறது. புகையும் நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் அந்தத் தோலைச் சிதைக்கின்றன. ஒரு நாள் தோல் கிழிந்தால், காயம்பட்ட இடத்தில் உறைவது போல ரத்தம் உடனே அங்கே உறைகிறது. சில நிமிடங்களில் வழி அடைபடலாம். அதுதான் மாரடைப்பு. காலையில் பூங்காவில் நடந்துவிட்டு வந்தவருக்கு மாலையில் மாரடைப்பு வருவது இப்படித்தான்.

நெஞ்சு இறுகினால்

அடைப்பு ஏற்பட்டு அரை மணி நேரத்திற்குள்ளேயே தசை சாகத் தொடங்கும். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போல இறுக்கம், அது தோள், இடது கை, தாடை, முதுகு என்று பரவுதல், குளிர்ந்த வியர்வை, வாந்தி உணர்வு ஆகியவை அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் திடீர்க் களைப்பும் மட்டுமே வரக்கூடும்.

உடனே 995 அழையுங்கள். மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், டாக்சியிலும் போக வேண்டாம். ஆம்புலன்ஸில் வரும்போதே பரிசோதனை தொடங்கிவிடும். புளோக் எண், மாடி, வீட்டு எண்ணைச் சொல்லுங்கள். நடக்காமல் உட்கார்ந்திருங்கள். வாசலின் இரும்புக் கதவைப் பூட்டாமல் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் ஒருவர் கீழே மின்தூக்கி அருகில் நின்றால் நேரம் மிச்சமாகும். பக்கத்தில் இருப்பவர் நினைவிழந்து மூச்சும் நின்றுபோனால், 995இல் பேசுபவர் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று தொலைபேசியிலேயே சொல்லித் தருவார், இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை அடையாள அட்டையுடன் ஒரே இடத்தில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும், தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டாருக்கும், இன்றே சொல்லி வையுங்கள்.